பாட்டு இருக்கிறது, கூடக் கேட்க ஆள் எங்கே?



போன மாதம் சங்க வேலையாகச் சிரம்பான் பட்டணத்து ஓரத்தில் இருக்கும் ஓர் அடுக்குமாடிக்குப் போயிருந்தோம். நான்காவது மாடியில் ஒரு சின்ன வீடு. முப்பத்தைந்து வருஷம் பால்மரம் வெட்டிய ஓர் அம்மா அங்கே மகனோடு இருக்கிறார். வயது எண்பதை நெருங்குகிறது. காலமான கணவரின் சேமநிதிப் பணம் சம்பந்தமாக அவரிடம் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது.

வேலை முடிந்து வரக்கோப்பி குடித்துக்கொண்டிருந்தோம். பேரப்பிள்ளை கைப்பேசியை எடுத்து, "பாட்டி, உங்க காலத்துப் பாட்டு" என்று ஒன்றைப் போட்டுவிட்டான். பி. சுசீலாவின் குரல். கரகரப்பு ஒன்றுமில்லை, கண்ணாடி மாதிரி சுத்தமாக வந்தது. அம்மா தலையை ஆட்டிக் கேட்டார். இரண்டாவது பாட்டு ஆரம்பித்ததும், "போதும்யா, நிறுத்திடு" என்றார்.

"ஏம்மா, பிடிக்கலையா?" என்று கேட்டோம்.

"பாட்டு நல்லாத்தான் இருக்கு தம்பி. கூடக் கேக்க ஆள் இல்லையே!"

நான்கு மாடி இறங்கி வரும்வரை அந்தப் பேச்சு நம்மை விடவில்லை. பழைய பாட்டு எங்கும் போய்விடவில்லை. தியாகராஜ பாகவதரும் டி.எம். சௌந்தரராஜனும் இன்று சட்டைப் பையில் இருக்கிறார்கள். நினைத்த நேரத்தில் பாடுவார்கள். அப்படியானால் நம் பெரியவர்கள் எதைத் தொலைத்துவிட்டுத் தேடுகிறார்கள்? இந்த வாரம் அதைப் பற்றிப் பேசுவோம்.

கிராணி வீட்டு நாய்ப்பெட்டி

நம் பாட்டி சொன்ன கதையிலிருந்து ஆரம்பிக்கிறோம். அவர் சின்னப் பெண்ணாக இருந்தபோது தோட்டத்திலேயே ஒரே ஒரு வீட்டில்தான் கிராமபோன் இருந்தது. அது பெரிய கிராணி வீடு. குழாயின் முன்னால் நாய் உட்கார்ந்து கேட்கிற படம் போட்ட பெட்டி என்பதால் அதற்கு 'நாய்ப்பெட்டி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள் நம் ஜனங்கள்.

மின்சாரம் வேண்டாம். கைப்பிடியைச் சுற்றி முறுக்கேற்றினால் தட்டு ஓடும். நிமிஷத்துக்கு 78 சுற்று. ஒரு பக்கத்தில் மூன்று நிமிஷத்துக்குக் கொஞ்சம் கூடப் பாட்டு இருக்கும், அவ்வளவுதான். பக்கத்துக்குப் பக்கம் ஊசியை மாற்ற வேண்டும். தட்டு அரக்கில் செய்தது, கை தவறினால் இரண்டாகிவிடும். அதனால் கிராணி வீட்டம்மா யாரையும் தொட விடமாட்டாராம்.

ஆனால் கேட்பதற்கு யார் தடை போட முடியும்? ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வேலிக்கு வெளியே லயத்துப் பெண்கள் கூடிவிடுவார்கள். எஸ்.ஜி. கிட்டப்பா 1933லேயே மறைந்துவிட்டார். அதற்குப் பிறகும் அவருடைய குரல் தட்டில் பாடியது. செத்துப்போனவர் எப்படிப் பாடுகிறார் என்று ஒரு கிழவி பயந்து எழுந்து போய்விட்டார் என்று பாட்டி சிரித்துக்கொண்டே சொல்வார்.

பிறகு ஜப்பான்காரன் காலம் வந்தது. 1942 முதல் 1945 வரை தமிழ்நாட்டோடு போக்குவரத்து அறுந்தது. பாகவதரின் 'ஹரிதாஸ்' 1944ல் வெளிவந்து, சென்னையில் ஒரே கொட்டகையில் மூன்று தீபாவளி கண்டது. இங்கே நம் ஜனங்கள் அப்போது மரவள்ளிக்கிழங்கு தின்றுகொண்டு, சயாம் ரயில் பாதைக்குப் போனவர்கள் திரும்பி வருவார்களா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாட்டியின் அண்ணனும் அப்படிப் போனவர்தான். வரவில்லை. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் திரும்ப வருவோம்.

முள்வேலிக்குள் வந்த பெட்டி

1946 ஏப்ரல் முதல் தேதி ரேடியோ மலாயா தொடங்கியது. மலாய், சீனம், ஆங்கிலத்தோடு தமிழுக்கும் அதில் நேரம் இருந்தது. ஆனால் தோட்டத்தில் யாரிடம் பெட்டி? துரை பங்களாவில் ஒன்று, கிராணி வீட்டில் ஒன்று. லயத்துக்கு அது வந்தது வேறு வழியாக.

1948 ஜூனில் அவசரகாலம் பிரகடனமானது. சிதறிக் கிடந்த லயங்களை ஒன்று சேர்த்து முள்வேலி போட்டார்கள். இருட்டினால் ஊரடங்கு. காட்டுக்குள் இருந்தவர்களின் பிரச்சாரத்தை முறியடிக்க அரசாங்கம் வானொலியைக் கையில் எடுத்தது. 1950ல் லண்டன் பி.பி.சி.யிலிருந்து ஹியூ கார்ல்டன் கிரீன் என்பவரைக் கொண்டுவந்து அவசரகாலத் தகவல் பிரிவுக்குத் தலைவராக வைத்தார்கள். மின்சாரம் இல்லாத புதுக்கிராமங்களுக்கும் கம்பங்களுக்கும் தோட்டங்களுக்கும் பேட்டரியில் ஓடும் பொதுப்பெட்டிகள் வந்தன.

கொடுத்தவர்களின் நோக்கம் ஒன்று. நம் ஜனங்கள் எடுத்துக்கொண்டது வேறொன்று. "சண்டை செய்தி சொல்லும்போது வெத்தலை போடுவோம், பாட்டு வந்தா பேச்சை நிறுத்துவோம்" என்பார் பாட்டி. ஒரு பெட்டியைச் சுற்றி ஒரு லயமே உட்காரும். முன்னால் பிள்ளைகள், நடுவில் பெண்கள், கடைசியில் பீடியோடு ஆண்கள். முள்வேலிக்குள் அடைபட்டுக் கிடந்தவர்களுக்கு அந்த ஒரு மணி நேரம் பெரிய ஆறுதல்.

பாட்டுக்கு நடுவில் ரப்பர் விலை

அடுத்தது அப்பாவின் காலம். முதல் டிரான்சிஸ்டர் வானொலி அமெரிக்காவில் 1954ல் விற்பனைக்கு வந்தது, அடுத்த ஆண்டே ஜப்பானில் சோனியும் செய்தது. அறுபதுகளில் அது நம் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தது. சிரம்பானிலோ பாகாவிலோ தவணைக்கு வாங்கி, தோல் உறை போட்டு, பிள்ளையைப் போல் தோளில் மாட்டிக்கொண்டு சடக்கில் நடப்பார்கள். அதற்கும் தபால் நிலையத்தில் உரிமம் எடுக்க வேண்டியிருந்தது.

பேட்டரி தீர்ந்தால் உடனே புதுசு வாங்கக் காசு ஏது? கழற்றி வெயிலில் வைப்பார்கள், இன்னும் இரண்டு நாள் முனகிக்கொண்டு ஓடும். சம்பள நாள் வரைக்கும் செய்திக்கும் நேயர் விருப்பத்துக்கும் மட்டும் திறப்பார்கள்.

அந்தப் பெட்டிக்குப் பாட்டு மட்டும் வேலையில்லை, தோழர்களே. அன்றைய சம்பளத்தில் ஒரு பகுதி ரப்பர் விலையோடு கட்டப்பட்டிருந்தது. 1954ல் நமது தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கம் உருவான பிறகு போட்ட ஒப்பந்தங்களிலும் இந்த விலைக்கணக்கு இருந்தது. வானொலியில் ரப்பர் விலை சொல்லும்போது வாசலில் ஒருவரும் இருமக்கூட மாட்டார்கள். விலை ஏறியிருந்தால் அடுத்து வரும் பாட்டை உரக்க வைப்பார்கள். இறங்கியிருந்தால் சத்தத்தைக் குறைத்துவிட்டு முகத்தை முகம் பார்ப்பார்கள். விஸ்வநாதன் - ராமமூர்த்தி இசையமைத்த பாட்டுக்கள் நம்மவர்கள் காதில் விழுந்தது இப்படித்தான், ஒரு கண் அடுத்த மாதச் சம்பளத்தின் மேல்.

நேயர் விருப்பத்துக்கு அஞ்சலட்டை போடுவது இன்னொரு திருவிழா. ஓர் அட்டையில் எத்தனை பேர் எழுத முடியுமோ அத்தனை பேர். லயத்துப் பெயர்கள் எல்லாம் பொடி எழுத்தில். அட்டை போட்டுவிட்டு வாரக்கணக்கில் காத்திருப்பார்கள். ஒரு நாள் அறிவிப்பாளர் நம் தோட்டத்தின் பெயரைச் சொல்லி, அப்பா பெயரையும் ஐந்தாவதாகச் சொன்னாராம். அந்தப் பாட்டு எது என்று கேட்டால் அப்பாவுக்குத் தெரியாது. "எங்கடா பாட்டைக் கேட்டோம்! எல்லாரும் கத்திட்டோம்!" என்பார்.

அந்த நாளில் துரைக்கும் கிராணிக்கும் நாம் ஒரு செக்ரோல் நம்பர். முழுப்பெயரைச் சொல்லி மரியாதையாகக் கூப்பிட்டது வானொலிதான். அதில் இருந்த சந்தோஷம் இன்றைய பிள்ளைகளுக்குப் புரியுமா?

திருவிழாக் குழாய்

வீட்டுக்கு வீடு பெட்டி இல்லாவிட்டாலும் தோட்டம் முழுக்கப் பாட்டுக் கேட்கும் நாட்கள் உண்டு. மாரியம்மன் திருவிழாவுக்கு முதல் நாளே லோரியில் ஒலிபெருக்கிக்காரர் வந்துவிடுவார். தென்னை மரத்தில் இரண்டு குழாய், கோயில் வாசலில் ஒன்று. முதல் பாட்டு சீர்காழி கோவிந்தராஜன் அல்லது டி.எம்.எஸ். பாடிய பக்திப் பாட்டாக இருக்கும். அது கேட்டதும் வெளிக்காட்டில் மரம் வெட்டிக்கொண்டிருப்பவர்களுக்குக் கை வேகமாக ஓடும்.

சங்கக் கூட்டத்துக்கும் அதே குழாய்தான். கூட்டம் சேரும்வரை பாட்டுப் போடுவார்கள். 1959ல், இருபத்தொன்பதே வயதில் மறைந்த பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தின் பாட்டுக்கள் அதற்கென்றே எழுதியவை போல் இருக்கும். உழைக்கிறவன் கையைப் பற்றி அவர் எளிய தமிழில் எழுதியதை, கையெழுத்துப் போடத் தெரியாதவர்களும் மனப்பாடமாகச் சொன்னார்கள். பேச்சாளர் அரை மணி நேரம் பேசி விளங்க வைப்பதைப் பாட்டு மூன்று நிமிஷத்தில் செய்துவிட்டுப் போய்விடும். மேடையில் பேசுகிற நமக்கே இது கொஞ்சம் பொறாமைதான்!

நாங்கள் செய்த பிழை

இனி நம் சொந்தக் கதை. எண்பதுகளில் கேசட் காலம். வானொலியும் ஒலிநாடாவும் சேர்ந்த பெட்டி ஒன்றை அப்பா தவணைக்கு வாங்கினார். வானொலியில் நல்ல பாட்டு வந்தால் இரண்டு பொத்தானையும் சேர்த்து அமுக்கிப் பதிவு செய்யலாம். நாடா சிக்கிக்கொண்டால் பென்சிலை விட்டுச் சுற்றுவோம். பட்டணத்துக் கேசட் கடையில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்தால் ஒரு வாரத்தில் பதிந்து தருவார்கள்.

அந்தப் பெட்டியிலேயே மைக் இருந்தது. ஒரு நாள் அப்பா பாட்டியை உட்கார வைத்து, "ஆத்தா, மாமாவுக்குப் பாடுவியே, அதைப் பாடு" என்றார். சயாம் ரயில் பாதைக்குப் போய்த் திரும்பாத அண்ணனுக்காகப் பாட்டி தானே கட்டிய பாட்டு அது. வண்டி எந்தெந்த ஸ்டேஷனில் நின்றது, யார் தண்ணி கொடுத்தார்கள் என்று அண்ணனைப் பார்த்துக் கேட்டுக்கொண்டே போகும். நிரையில் மரம் வெட்டும்போது பாட்டி அதை முனகுவார். பதிவில் பக்கத்து வீட்டுச் சேவல் கூவியதும், அடுப்பங்கரையில் அம்மா பாத்திரம் உருட்டியதும் சேர்ந்தே விழுந்தன. அப்பா அந்த கேசட்டின் மேல் விளிம்பில் இருந்த இரண்டு சின்னப் பிளாஸ்டிக் துண்டுகளையும் உடைத்துவிட்டார். அதை உடைத்துவிட்டால் மேலே வேறெதுவும் பதிய முடியாது.

1991 தீபாவளிக்குத் 'தளபதி' வந்தது. நாங்கள் அண்ணன் தம்பி இருவருக்கும் அந்தப் பாட்டுக்கள் வேண்டும். புதுக் கேசட் வாங்கக் காசில்லை. உடைந்த ஓட்டையில் ஒட்டுநாடாவை ஒட்டினால் மறுபடியும் பதியலாம் என்று பள்ளிக்கூடத்தில் ஒருவன் சொல்லிக்கொடுத்திருந்தான். அலமாரியில் பெயர் எழுதாமல் இருந்த ஒரு கேசட்டை எடுத்தோம். ஒட்டினோம், பதிந்தோம்.

அப்பா அடிக்கவில்லை. கேசட்டை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தார். பிறகு வாசற்படியில் போய் உட்கார்ந்துகொண்டார். பாட்டிதான், "போவட்டும்டா, நான் என்ன செத்தா போயிட்டேன்? இன்னொரு நாள் பாடுறேன்" என்றார். அடுத்த வருஷம் அவர் போய்விட்டார். இன்னொரு நாள் வரவேயில்லை.

நாங்கள் பதிந்த சினிமாப் பாட்டு இன்று உலகம் பூராவும் இலவசமாகக் கிடைக்கிறது. பாட்டியின் பாட்டு எங்கும் கிடையாது. அதில் வந்த ஸ்டேஷன் பெயர்களில் நமக்கு ஞாபகம் இருப்பது இரண்டே இரண்டுதான்.

மரம் போனது, லயமும் போனது

ரந்தாவ், சிலியாவ், லாபு, லிங்கி, பாகாவ், கெமிஞ்சே என்று நம் மாநிலத்தைச் சுற்றி வந்தவர்களுக்குத் தெரியும், எத்தனை தோட்டங்கள் உருமாறிவிட்டன என்று. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்பு வந்தது. தோட்ட நிலமாக இருந்த செண்டாயான் பக்கம் இன்று பண்டார் ஸ்ரீ செண்டாயான் என்ற நகரம் எழுந்து நிற்கிறது. லயத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருந்த நாற்பது குடும்பம் நாற்பது திசைக்குப் போயின. வீட்டுக்காகவும் நஷ்ட ஈட்டுக்காகவும் போராடினோம், சில இடத்தில் ஜெயித்தோம், சில இடத்தில் தோற்றோம். ஆனால் கூட உட்கார்ந்து பாட்டுக் கேட்ட ஜனம் கலைந்து போனதற்கு நஷ்ட ஈடு எந்தப் பாரத்திலும் இல்லை.

தோட்டத்தை விட்டு ஏறும்போது லோரியில் இடமில்லை என்று பழைய பெட்டிகளையும் தட்டுகளையும் குப்பைக் குழியில் போட்டுவிட்டு வந்தோம். வெளிநாட்டில் என்ன நடக்கிறது தெரியுமா? அமெரிக்காவில் 2022ல் குறுந்தட்டைவிட இசைத்தட்டு அதிகமாக விற்றது, 1987க்குப் பிறகு முதல் தடவையாக! நாம் குழியில் போட்டதை அங்கே காசு கொடுத்து வாங்கி, ஊசி வைத்துக் கேட்கிறார்கள்.

பெட்டியைத் திரும்ப வாங்கிவிடலாம். அழகுக்கு அலமாரியில் வைக்கலாம். அந்த அடுக்குமாடி அம்மாவுக்கு அது போதுமா? அவர் கேட்டது பெட்டியை இல்லையே!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இன்று நம் தோட்டங்களில் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் வேலை செய்கிறார்கள். வேலை முடிந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, காதில் கம்பி மாட்டிக்கொண்டு தன் ஊர்ப் பாட்டைத் தனியாகக் கேட்கும் வங்காளதேசத்துப் பையனைப் பார்க்கும்போது நமக்கு நம் தாத்தன் பாட்டன் ஞாபகம் வருகிறது. அவர்களுக்காவது சுற்றிலும் ஒரு லயம் இருந்தது.

என்ன செய்யலாம்?

சங்கக்காரன் புலம்பிவிட்டுப் போகக்கூடாது, வேலை சொல்ல வேண்டும். சொல்கிறோம்.

முதலாவது, வீட்டில் பழைய கேசட் இருந்தால் இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். நம் ஊர் ஈரத்துக்கு நாடாவில் வெள்ளைப் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் பிடித்ததை அப்படியே பெட்டியில் போட்டு ஓட்டாதீர்கள், விவரம் தெரிந்தவரிடம் கொடுங்கள். நல்லதாக இருந்தால் மேல் விளிம்புத் துண்டை முதலில் உடைத்துவிட்டுப் பிறகு போட்டுக் கேளுங்கள். சினிமாப் பாட்டுக்கு நடுவில் எங்காவது வீட்டு ஆள் குரல் இருக்கும். கல்யாணப் பேச்சு, பிள்ளையின் மழலை, தாத்தாவின் இருமல், எதுவானாலும் சரி. அதைக் கைப்பேசியில் பதிந்து இரண்டு பேரிடம் கொடுத்து வையுங்கள்.

இரண்டாவது, பெரியவர்களைப் பாடச் சொல்லுங்கள். தாலாட்டு, ஒப்பாரி, தெம்மாங்கு, நிரையில் முனகியது, எதுவாக இருந்தாலும் பதியுங்கள். "எனக்கென்ன தெரியும்" என்றுதான் முதலில் சொல்வார்கள். நீங்கள் ஒரு பழைய பாட்டைப் போட்டுக் கூட உட்காருங்கள், தானாக வரும். பதிந்ததும் பாடியவர் பெயர், தோட்டத்தின் பெயர், டிவிஷன், தேதி நான்கையும் எழுதுங்கள். பெயர் எழுதாமல் வைத்ததால்தான் எங்கள் கேசட் போனது.

மூன்றாவது, மாதம் ஒரு சாயங்காலம் கோயில் மண்டபத்திலோ யாராவது ஒருவர் வீட்டு வாசலிலோ கூடுங்கள். பழைய தோட்டத்து ஆட்களை அழைத்து வந்து, ஒரே ஒரு பெட்டியில் பாட்டுப் போடுங்கள். மின்னல் எஃப்.எம். ஆனாலும் சரி, கைப்பேசி ஆனாலும் சரி. காதுக் கம்பி மட்டும் வேண்டாம். ஒருவர் விரும்பிக் கேட்டதை எல்லாரும் கேட்கட்டும்.

இதை எழுதுவதற்கு முன் நாமே செய்து பார்த்தோம். போன ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாவைப் பழைய தோட்டத்துக் கோயிலுக்குக் கூட்டிப் போனோம். லயம் இல்லை, கோயில் மட்டும் நிற்கிறது. அவரோடு ஒரே நிரையில் மரம் வெட்டிய இரண்டு பேரையும் தேடிப் பிடித்து வரவழைத்திருந்தோம். பேரன் அதே கைப்பேசியில் அதே சுசீலா பாட்டைப் போட்டான்.

பாதிப் பாட்டில் மூவரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். யாருக்கு எந்த மரத்தடியில் பாம்பு வந்தது, எந்த மண்டோர் காண்டாவைத் தட்டிவிட்டான், யார் கல்யாணத்தில் ஜெனரேட்டர் நின்றது என்று ஒரே கலகலப்பு. பாட்டு முடிந்ததை யாரும் கவனிக்கவில்லை.

பேரன், "பாட்டி, அடுத்த பாட்டு வேணுமா?" என்றான்.

"போடுப்பா, போடு. சத்தமா வை, இவளுக்குக் காது கேக்காது" என்றார் அம்மா.

உங்கள் வீட்டிலும் ஒருவர் இப்படிக் காத்துக்கொண்டிருக்கலாம், தோழர்களே. இந்த ஞாயிற்றுக்கிழமை போய் உட்காருவீர்களா?